எட்டாவது பிராகாரத்தை அடைந்தோர்

மனிதகுலம் இதுவரை கண்ட சங்கங்கள், சபைகள், கழகங்கள் அனைத்திலும் ஒற்றுமையில் தலைசிறந்தது எது என்று கேட்டால், 'திருச்சி – ஸ்ரீரங்கம் சாகசக் கணினி விளையாட்டுப் பேரவை' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். கண்ணை மூடிக்கொண்டு சொல்வதுதான் பேரவையின் வழக்கமும் கூட.

சாகச விளையாட்டு என்றதும் துப்பாக்கி, ரத்தம் என்று யாரும் பயந்துவிட வேண்டாம். திரையில் ஓர் ஆள் இருப்பார். அவரை நடக்கவைத்து, கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, எதை எதோடு சேர்த்தால் எந்தக் கதவு திறக்கும் என்று யோசிக்க வேண்டும். அடுத்தவர் வீட்டுப் பொருளைக் கூசாமல் எடுப்பதுதான் இதில் தேவைப்படும் ஒரே வீரம். இத்தகைய விளையாட்டுகளைத் தாங்களே செய்து, இணையத்தில் ஏற்றி, ஒருவருக்கொருவர் இலவசமாகக் கொடுத்து மகிழ்கிற நாற்பது சொச்சம் பேர் கைபேசிக் குழுவாகக் கூடியதே பேரவை. வருடத்துக்கு ஒருமுறை ஸ்ரீரங்கத்தில் ஒரு காபித்தூள் கடையின் மாடி ஹாலில் நேரிலும் கூடுவார்கள். அன்றைக்குப் பரிசளிப்பும் உண்டு, கேசரியும் உண்டு.

பேரவையின் தலைமை நெறியாளர் ரகுநந்தன். கீழ உத்திர வீதிக்காரர், இன்சூரன்ஸ் அலுவலக அதிகாரி. அவரும் ஒரு விளையாட்டு செய்துகொண்டிருக்கிறார். தலைப்பு முடிந்தது, பின்னணி இசை முடிந்தது, நன்றியுரைகூட முடிந்துவிட்டது. விளையாட்டு ஒன்றுதான் பாக்கி. அது பல வருடமாகப் பாக்கியாகவே இருப்பதால் எல்லோருக்கும் அவர் மேல் தனி மரியாதை.

அவர் வகுத்த விதிகளில் உயர்ந்தது 'மங்கள மாதம்'. ஒரு விளையாட்டு வெளியானால், முதல் மாதம் முழுக்க அதைப் பற்றி நல்ல வார்த்தை மட்டுமே சொல்ல வேண்டும். மாதம் முடிந்தபின் குறை சொல்லலாம். ஆனால் அதற்குள் அந்த விளையாட்டின் பெயர் யாருக்கும் நினைவிருக்காது. இப்படிப்பட்ட பண்பாடு செழித்த இடத்தில்தான் நவநீதன் அந்தக் காரியத்தைச் செய்தார். ஒரு விளையாட்டை முடித்துவிட்டார்.

உறையூரில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர் அவர். மற்றவர்கள் எட்டு போட்டுப் பழகும் நேரத்தில் உள்ளே உட்கார்ந்து மூன்று வருடம் உழைத்துச் செய்த விளையாட்டின் பெயர் 'எட்டாவது பிராகாரம்'. ஸ்ரீரங்கம் கோயிலுக்கு ஏழு பிராகாரம் என்பது ஊரறிந்தது. எட்டாவதாக ஒன்று கொள்ளிடத்து மணலுக்கடியில் கிடந்தால்? அதைத் தேடி வரும் நில அளவையர் ஒருவர், சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து லாட்ஜில் கண்விழிக்கிறார். தலையணைக்கு அடியில் சாவி இருக்கிறது. கதவைத் திறந்து புறப்பட்டால் காந்தி மார்க்கெட், மலைக்கோட்டை, அம்மா மண்டபம் என்று அலைந்து, கடைசியில் விடியற்காலையில் கொள்ளிடத்தில் ஒரு யானை குளிக்கும் காட்சிக்கு வந்து சேர்வார்.

அந்த யானைக்காக மட்டும் நவநீதன் ஒரு மழைக்காலம் முழுவதையும் செலவழித்திருந்தார். காது ஆடுவது சரியாக வரவில்லை என்று ஒருநாள் சாப்பிடாமல் படுத்திருக்கிறார். அவருக்குப் பரிசு வேண்டாம், பொன்னாடை வேண்டாம். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், அந்த யானை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னால் போதும். மனைவி ஜோதியிடம் கேட்டுப் பார்த்தார்.

"நீங்க பண்ணும்போதே அக்குவேறா ஆணிவேறா பாத்தாச்சே, மறுபடி எதுக்குங்க?" என்று சொல்லிவிட்டாள்.

எனவே பேரவைதான் கதி. வெளியிடுவதற்கு முதல்நாள், வழக்கப்படி ஒரு படத்தைக் குழுவில் போட்டுக் 'கருத்து' கேட்டார். லாட்ஜ் அறைப் படம். பேரவையின் போஸ்டர்களை வரைகிற பெலிண்டா டீச்சர் உடனே சொன்னார்: "தலையணை உறை ரொம்ப மங்கலா இருக்கு நவநீதன். மயில்கழுத்து நீலம் குடுத்துப் பாருங்க, அப்படியே தூக்கிடும்."

நாற்பது பேரும் அதை ஆமோதித்தார்கள். ஒரு தலையணை உறை குறித்து இவ்வளவு ஆழமான விவாதம் தமிழில் இதற்கு முன் நடந்ததில்லை. நவநீதன் பழைய தலையணையை அழித்துவிட்டு, நீலத் தலையணை ஒன்றை வரைந்து வைத்து, விளையாட்டை இணையத்தில் ஏற்றினார்.

பாராட்டு மழை பெய்தது. முதல் துளி ரகுநந்தனுடையது. "அடியேன் ஆதியோடந்தமா அனுபவிச்சேன். கண்ணுல ஜலம் தாரை தாரையா வந்துடுத்து. க்ஷேமமா இருக்கணும்!"

விளையாட்டு குறைந்தது ஆறு மணி நேரம் ஓடும். இந்தப் பாராட்டு கால் மணி நேரத்துக்குள் வந்தது. ஆழ்ந்து அனுபவிக்கிறவர்களுக்குக் காலம் ஒரு பொருட்டே அல்ல.

அடுத்து செயலாளர் இளவரசன். காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருப்பவர். "சும்மா தெறிக்குதுண்ணே. லோடு எறக்கிக்கிட்டே வெளையாடினேன். ஒரு மூட்டை கால்லயே விழுந்துருச்சு, வலியே தெரியல."

நவநீதன் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "யானை வரைக்கும் போனீங்களா தம்பி?"

"யானையா? அதான்ணே உயிரே! இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது."

நவநீதன் அன்று முழுக்கத் தரையில் கால் பாவாமல் திரிந்தார். ஓட்டுநர் உரிமம் கேட்டு வந்தவரிடம்கூட யானையைப் பற்றிச் சொன்னார்.

இந்த மகிழ்ச்சியில் மண் அள்ளிப் போட்டவர் வஹீதா. பாலக்கரையில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர், பேரவைக்குப் புதியவர். புதியவர்கள் செய்கிற தவறைத்தான் அவரும் செய்தார். விளையாட்டை விளையாடிப் பார்த்தார். பார்த்தவர் சும்மா இல்லாமல் குழுவில் எழுதினார்: "ரூமை விட்டு வெளிய வர முடியலைங்க. சாவி எங்க இருக்கு? ஃபேன், காலண்டர், கூஜா எல்லாம் தேடிட்டேன்."

குழுவில் உடனே அவசரக் கூட்டம்.

"மங்கள மாசத்துல 'முடியல'ன்னு ஒரு வார்த்தையா? அபசகுனம்!" என்றார் ரகுநந்தன்.

"நாங்கள்லாம் வந்துட்டமேம்மா. ஒங்களுக்கு மட்டும் ஏன் வர முடியல?" என்றார் இளவரசன்.

"பொறுமை வேணும் வஹீதா. சாகசம்னா தேடணும்" என்றார் பெலிண்டா டீச்சர்.

"சரிங்க, தேடறேன். நீங்க எங்க எடுத்தீங்கன்னு மட்டும் சொல்லுங்களேன்" என்று வஹீதா கேட்டார்.

சொல்லிவிட்டால் அவருடைய சாகச அனுபவம் கெட்டுவிடும் அல்லவா? அவர் மேல் இருந்த அக்கறையினால் ஒருவரும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, 'எதிர்மறைப் போக்கு' காரணமாக அவரைக் குழுவிலிருந்து நீக்கத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். ஆதரிப்பவர்கள் கட்டைவிரல் போட வேண்டும். வரிசையாகக் கட்டைவிரல்கள் விழுந்தன. நவநீதனுக்கும் மனசுக்குள் சுருக்கென்றுதான் இருந்தது. மூன்று வருட உழைப்பை வாசலிலேயே நின்று குறை சொல்கிறாளே! இருந்தாலும் அவர் தன்னடக்கம் உள்ளவர். தன் கட்டைவிரலைக் கடைசியாகத்தான் போட்டார்.

மறுநாள் சாயங்காலம், இந்த மாதிரி 'பொறுமை இல்லாதவர்களுக்கு' ஒரு வழிகாட்டி தயாரித்துவிடலாம் என்று விளையாட்டைத் தானே இறக்கி, மற்றவர்களைப் போலத் தொடங்கினார். நில அளவையர் கண்விழித்தார். தலையணையைத் தூக்கினார். அடியில் மெத்தை இருந்தது. சாவி இல்லை.

மீண்டும் தூக்கினார். மெத்தைதான்.

பழைய தலையணையை அழித்தபோது, அதோடு சேர்த்து வைத்திருந்த சாவியும் அழிந்துபோயிருந்தது. ஆக, வெளியான நாளிலிருந்து அந்த நில அளவையரை லாட்ஜ் அறையை விட்டு வெளியே கொண்டுவர எந்த மனிதனாலும் முடிந்திருக்காது. தாரை தாரையாக ஜலம் விட்ட கண்களும், மூட்டை விழுந்த காலும், எல்லாமே அறைக்கு வெளியிலேயே நின்றவை. அறைக்குள் போனவர் ஒருவர்தான். அவரை நேற்று நீக்கியாயிற்று.

முதலில் வெட்கம் வந்தது. பிறகு கோபம் வந்தது. ஜோதி காபியைக் கொண்டுவந்து வைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

"என்னங்க ஆச்சு?"

"யானை தனியாவே குளிச்சிட்டிருக்கு ஜோதி."

ஜோதி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆண்டு விழா. 'எட்டாவது பிராகாரம்' இந்த வருடத்தின் சிறந்த விளையாட்டு. மாடி ஹாலில் காபித்தூள் வாசனையும் பொன்னாடை வாசனையும் கலந்து அடித்தன. ரகுநந்தன் யானைக் காட்சியைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். அந்த யானையின் நெற்றியில் திருமண் இருந்த அழகைச் சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். நவநீதன் அந்த யானைக்குத் திருமண்ணே வரையவில்லை.

மைக் கைக்கு வந்ததும் நவநீதன் சொன்னார்: "எல்லாரும் மன்னிச்சுக்குங்க. நான் சாவியை வைக்க மறந்துட்டேன். முதல் கதவே யாருக்கும் திறந்திருக்காது."

ரகுநந்தன் நிதானமாக எழுந்தார்.

"எனக்குத் திறந்ததே."

"எப்படிங்க சார்? சாவியே இல்லையே!"

"இல்லேன்னு நீங்க நினைக்கறேள். அனுபவிக்கறவாளுக்கு எல்லாம் இருக்கும்."

"நான் ஒதைச்சுத் தொறந்தேண்ணே" என்றார் இளவரசன்.

"உதைக்கிற வசதியே அதுல கிடையாது தம்பி."

"மார்க்கெட்டுக்காரன் ஒதைச்சா எதுவும் தொறக்கும்ணே."

"நான் ஜன்னல் வழியா வந்துட்டேன்" என்றார் பெலிண்டா டீச்சர்.

"அந்த ரூமுக்கு ஜன்னலே இல்லைங்க டீச்சர்!"

"ஏன் இல்லாம? போஸ்டர்ல நானே வரைஞ்சிருக்கேனே!"

அவர் முடிப்பதற்குள் ஹால் முழுக்க "எனக்கும் திறந்தது", "எனக்கும் திறந்தது" என்று குரல்கள் எழுந்தன. ஒருவருக்கு இரண்டு தடவை திறந்திருந்தது. விளையாட்டை அனைவரும் விளையாடிவிட்டார்கள், செய்தவர் மட்டும்தான் சரியாக விளையாடவில்லை என்பது ஐயம் திரிபற நிறுவப்பட்டது. மங்கள மாதத்தில் தன் விளையாட்டைத் தானே பழித்ததோடு, நாற்பது பேரின் கண்ணீரையும் கொச்சைப்படுத்திய குற்றத்துக்காக நவநீதனை நீக்கத் தீர்மானம் வந்தது. இம்முறை நிஜக் கட்டைவிரல்களே உயர்ந்தன. ஆனால் பரிசு பரிசுதான். அதில் பேரவை பெருந்தன்மையாக நடந்துகொண்டது. விளையாட்டின் சார்பில் இளவரசன் பொன்னாடையைப் பெற்றுக்கொண்டார்.

கேசரி சாப்பிடாமல் இறங்கி வந்து நவநீதன் டவுன் பஸ் பிடித்தார். காவிரிப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தபோது அவருக்கு மனசு லேசாகிவிட்டது. உண்மை பேசிய மனிதர்களுக்கு மட்டுமே கிடைக்கும் அந்த இதம், அது ஒரு போதைதான். பஸ்ஸிலேயே வஹீதாவுக்கு எழுதினார்: "நீங்க சொன்னதுதான் சரி. உங்களை நீக்க நானும் விரல் போட்டேன், மன்னிச்சுக்குங்க. இப்ப சாவியை வச்சுட்டேன். விளையாடிப் பாக்கறீங்களா?"

"தலையணைக்கு அடியிலயா சார்? முதல்ல அங்கதான் பாத்தேன். சரி, அனுப்புங்க" என்று பதில் வந்தது.

வீடு போய்ச் சேர்வதற்குள் நவநீதன் ஒரு புதுக் குழுவே தொடங்கிவிட்டார். பெயர் 'உள்ளது உள்ளபடி அவை'. முதல் விதி: முழுதாக விளையாடாமல் யாரும் வாய் திறக்கக்கூடாது. இரண்டாம் விதி: திறந்தால் உண்மை மட்டுமே வர வேண்டும். உறுப்பினர்கள் இருவர். முகஸ்துதியின் இருளில் மூழ்கிக் கிடந்த திருச்சி மாவட்டத்தில் இவ்வாறு ஒரு விளக்கு ஏற்றப்பட்டது.

ஒரு வாரம் கழித்து வஹீதாவிடமிருந்து நீண்ட செய்தி வந்தது.

"முடிச்சிட்டேன் சார். உண்மையைச் சொல்லணும்னு சொன்னீங்க. மார்க்கெட் பகுதி ரொம்ப இழுக்குது. ஒரு தேங்காய்க்காக எல்லாக் கடையும் ஏறி இறங்க வேண்டியிருக்கு. மூட்டை தூக்கறவரும் குருக்களும் ஒரே மாதிரி பேசறாங்க, ரெண்டு பேரும் ரேடியோ நியூஸ் மாதிரி. மலைக்கோட்டைப் புதிர் புரியவே இல்ல, குத்துமதிப்பா போட்டதுல திறந்துடுச்சு. இதை இன்னொரு தடவை விளையாடுவியான்னு கேட்டா..."

இந்த இடத்தில் கைபேசி செய்தியை நறுக்கி, 'மேலும் வாசிக்க' என்று நீல எழுத்தில் காட்டியது.

நவநீதனுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. மூன்று வருடம்! தேங்காயாம், ரேடியோவாம்! இவளுக்கு என்ன தெரியும், கண்ணாடிக்கு விலை சொல்லத் தெரியும்! பெருவிரல் தானாக நகர்ந்தது. 'நவநீதன், வஹீதாவை நீக்கினார்' என்று திரையில் ஒரு வரி வந்து நின்றது.

அந்த நீல எழுத்துக்கு அடியில் இருந்ததையும் சொல்லிவிடுவதுதான் முறை. "...கண்டிப்பா விளையாடுவேன் சார். அந்த யானைக்காக. காதை ஆட்டிட்டு ஒரு தடவை திரும்பிப் பாக்குதுல்ல, அங்க அழுதுட்டேன். மறுநாள் விடியக்காலைல எழுந்து கொள்ளிடத்துக்கே போயிட்டேன், நிஜமா நிக்குதான்னு பாக்க."

உண்மையை மட்டுமே விரும்பும் அந்த மகான் இதை இன்றுவரை வாசிக்கவில்லை. இந்தக் காலத்தில் ஒன்றை முழுசாகத் திறந்து பார்க்கிற பொறுமை ஒருத்தருக்கும் கிடையாது என்று தினமும் ஜோதியிடம் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டிருக்கிறார்.