வெள்ளைத்தாள் சமாதானம்

அணு ஆயுதங்களை ஒழித்தே தீர்வதென்று இரண்டு நாடுகள் இருபத்தெட்டு ஆண்டுகள் விடாமல் கைகுலுக்கிய சாதனை மனித குல வரலாற்றில் வேறெங்கும் இல்லை. நடந்த மாநாடுகள் முப்பத்தொன்று. ஒழிந்த குண்டுகள் எத்தனை என்று கேட்பது நட்புறவுக்கு அழகல்ல.

இந்த நட்புறவின் முதுகெலும்பு வெளியுறவுத் துறைக் குமாஸ்தா ஒருவர். தலைவர்கள் இருவரும் கையெழுத்துப் போடும் தோல் உறைகளைத் தயார் செய்வது அவர் வேலை. உள்ளே வெள்ளைத்தாள் இருக்கும். ஒப்பந்த வாசகம் இன்னும் 'மெருகேற்றப்பட்டு' வருவதால், படம் எடுக்க வந்தவர்களைக் காக்க வைக்கலாகாது என்று இரு தரப்பும் கூடி வகுத்த முறை அது. தலைவர்கள் வெள்ளைத்தாளில் கையெழுத்திடுவார்கள், உறைகளை மாற்றிக்கொள்வார்கள், ஒருவரையொருவர் கட்டிக்கொள்வார்கள்.

சமாதானத்தில் குமாஸ்தாவுக்குச் சொந்த அக்கறையும் இருந்தது. அவருடைய அரசுக் குடியிருப்பின் பின்சுவரை ஒட்டித்தான் குண்டுக் கிடங்கு. வாரம் இரண்டு தடவை ஒத்திகைக்கு அபாயச் சங்கு ஊதும். அவரும் மனைவியும் ஆறு வயது மகளும் மேசைக்கு அடியில் உட்கார வேண்டும். இப்போதெல்லாம் அந்தக் குழந்தை சங்கு ஊதாத நாளிலும் மேசைக்கு அடியிலேயே வீட்டுப்பாடம் எழுதுகிறது. "மேல உட்கார்ந்தா பயமா இருக்குப்பா" என்று அது சொன்ன நாளிலிருந்து அவருக்குச் சோறு சரியாக இறங்குவதில்லை.

முப்பத்திரண்டாவது மாநாட்டன்று காலையில் பார்த்தால், தடித்த தாள் தீர்ந்துபோயிருந்தது. மெல்லிய தாளைத் தலைவரின் பேனா கிழித்துவிடும். அலமாரியைக் குடைந்ததில் இரண்டு தடித்த தாள்கள் கிடைத்தன. முதல் மாநாட்டுக்காக யாரோ உலகம் தெரியாதவர் எழுதிய வரைவும் அதன் பிரதியும். எழுத்து இருந்தால்தான் என்ன, யார் படிக்கப் போகிறார்கள் என்று அவற்றையே செருகிவிட்டார். தலைவர்கள் கையெழுத்திட்டார்கள். கட்டிக்கொண்டார்கள்.

மத்தியானம் உறையைப் பூட்டி வைக்கும்போதுதான் அவர் படித்தார். 'இரு நாடுகளும் தொண்ணூறு நாட்களுக்குள் தம் அணுகுண்டுகள் அனைத்தையும் அழித்துவிட வேண்டியது. குடியிருப்புகளை ஒட்டிய கிடங்குகளிலிருந்து தொடங்க வேண்டியது.' அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனைவிக்குப் போன் போட்டார்.

"குண்டையெல்லாம் எடுத்துருவாங்க. தலைவருங்க கையெழுத்துப் போட்டாச்சு."

"அவங்க போடாத கையெழுத்தா?"

"இந்தத் தடவை தாள்ல எழுத்து இருக்கு!"

மனைவியின் குரல் வேறு பக்கம் திரும்பியது. "பாப்பா, மேல வந்து உட்காரும்மா. இனிமே ஒண்ணும் இல்ல."

நல்ல சேதியைத் துணைச் செயலரிடம் குமாஸ்தாவே கொண்டுபோனார். படித்துப் பார்த்த துணைச் செயலரின் முகத்தில் ஈயாடவில்லை.

"யோவ், என்னய்யா பண்ணி வெச்சிருக்க?"

"சமாதானம் வந்துருச்சு, சார்."

"அது தெரியுது! யாரைக் கேட்டு வந்துச்சு?"

பத்தாவது நிமிடம் அண்டை நாட்டுத் தூதர் தம் உறையோடு மூச்சு வாங்க ஓடிவந்தார். மாநாட்டு மேசை வட்டமா சதுரமா என்று நான்கு ஆண்டுகள் வாதாடிய இரு தரப்பும் அன்று ஒரே சோபாவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தன. உளவாளிகள் இருபத்தெட்டு ஆண்டுகளாகத் தலைகீழாக நின்றும் அறிய முடியாத ரகசியங்கள் சர்வ சாதாரணமாக வெளிவந்தன.

"உங்ககிட்ட எத்தனை இருக்கு?"

"நூத்திப் பன்னண்டு. உங்ககிட்ட?"

"நூத்திப் பதினஞ்சு. அத்தனையும் போயிடுமே!"

"குண்டு போனாப் போகட்டுங்க," என்றார் தூதர். "அப்புறம் மாநாடு எதுக்கு? நாம எப்படிச் சந்திக்கிறது?"

துணைச் செயலர் அவர் கையைப் பற்றிக்கொண்டார். அரசியல் கலவாத அந்தப் பாசத்தைப் பார்த்துக் குமாஸ்தாவுக்கே கண் கலங்கிவிட்டது.

இருபது நிமிடத்தில் கூட்டறிக்கை தயார். வெள்ளைத்தாள் இருக்க வேண்டிய இடத்தில் வாசகத்தை வைத்து, இரு நாட்டு நட்புக்குக் குமாஸ்தா குந்தகம் விளைவித்தார், ஆகவே அந்தக் கையெழுத்துகள் செல்லாது என்பது அதன் சாரம். இருவரும் அதை வரி விடாமல் படித்தார்கள், ஒரு திருத்தமும் இல்லாமல் கையெழுத்திட்டார்கள். காவலர்கள் இரண்டு பேர் வந்தார்கள், நாட்டுக்கு ஒருவராக.

"சார், மேல வந்து உட்காருன்னு என் பொண்ணுகிட்ட சொல்லியாச்சே. இப்ப என்ன சொல்ல?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பதில் ஒரே குரலில் வந்தது: "இறங்கச் சொல்லுங்க."

உலக சமாதானத்துக்கு அச்சுறுத்தல் என்று கண்டு, இரு நாடுகளும் கைகோத்து, சொன்ன சொல் தவறாமல், ஒரே நாளில் முழுமையாக அப்புறப்படுத்தியது இன்றுவரை அந்தக் குமாஸ்தா ஒருவரைத்தான்.