காத்தாடியின் இஞ்சினும் எதிர்காற்றும்

பழவேற்காடு ஏரியில் படகேறி, போக வேண்டிய இடத்துக்கு ஒருநாள்கூட ஒழுங்காகப் போய்ச் சேராத ஒரே மனிதர் காத்தாடிதான். அந்த ஏரியின் மீன்களுக்குக்கூட எங்கே போகிறோம் என்பதில் அவரைவிடத் தெளிவு இருந்தது.

அனுப்பம்பட்டிலிருந்து தோணிரேவு ரேஷன் கடைக்கு நான் வேலைக்குப் போய்வந்த காலம் அது. கடைக்கு எதிர்க் கொட்டகையில் அவர் படகு இஞ்சின் ரிப்பேர் செய்தார். நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை. ரிப்பேர் போக மிச்ச நேரமெல்லாம் சின்ன ஏரோப்ளேனுக்கான இஞ்சின் ஒன்றைத் தானே டிசைன் செய்துகொண்டிருந்தார். ஏரோப்ளேன் கிடையாது. வாங்கப்போவதாகப் பேச்சும் இல்லை.

"இஞ்சின் இல்லாம பிளேன வச்சினு இன்னா சார் பண்றது?" என்று என்னையே கேட்டார். நான் சர்க்கரை நிறுக்கப் போய்விட்டேன்.

இரண்டு பழைய பைக் சிலிண்டர்களை ஆளுக்கொரு பக்கம் பார்த்துப் படுக்கவைத்து, ஒரே தண்டில் இணைத்திருந்தார். முன்னால் மரத்தில் செதுக்கிய பெரிய விசிறி. பட்டப்பெயர் அதனால் வந்ததுதான். சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக மெல்லிய தகடுகள். அந்த இடுக்குகளில் காற்று புகுந்து சூட்டைக் கொண்டுபோய்விடும், தண்ணீரும் வேண்டாம், ரேடியேட்டரும் வேண்டாம், கனமும் குறையும் என்றார். அதுவரை எனக்குப் புரிந்தது. பிறகு எண்ணெய் டின் தகரத்தை வெட்டி அதை மூட ஆரம்பித்தார்.

"சூடு ஆறணும்னு சொல்லிட்டு மூடுறீங்களே?"

"தொறந்து வுட்டா காத்து இஷ்டத்துக்குப் பூடும் சார். மூடி வழி காட்னாத்தான் தகடு நடுவுல பூந்து போவும்."

அன்று வீட்டில் கொதித்த பாலைத் தட்டு போட்டு மூடி ஆறவைக்கப் பார்த்து, மனைவியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ப்ளேன் இல்லாததால் இஞ்சினைப் படகில் ஏற்றினார். அங்கேதான் வந்தது வினை. ஆகாயத்தில் பறக்கும்போது அடிக்கிற காற்றை நம்பிச் செய்த இஞ்சின். ஊர்ந்து போகும் படகில் அந்தக் காற்றுக்கு எங்கே போவது? எதிர்காற்று அடித்தால் சமாளிக்கும். பின்னாலிருந்து காற்று வந்தால் கொதித்துவிடும். உடனே படகைத் திருப்பி, இஞ்சினின் முகத்தைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு போவார். மார்க்கெட்டுக்கு என்று ஏறியவர்கள், காற்று வந்த திசையில் எந்த ஊர் இருந்ததோ அங்கே இறங்கினார்கள்.

"யோவ், கூடையில எறா நாறுது! எங்கய்யா இட்னு போற?"

"காத்து எங்கருந்து வருதோ அங்க!"

இந்த மனிதரையும் ஒருத்தி விரும்பினாள். பசியாவரம் தீவைச் சேர்ந்த ஸ்டெல்லா. ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையாலேயே நண்டு பிடிப்பவள். "ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் வந்து எங்க நைனாவாண்ட கேளு. மத்தியானம் வேற மாப்ள வூட்டுக்காரங்க வராங்க. அதுக்கப்புறம் என் மேல குத்தம் சொல்லாத" என்று சொல்லிவிட்டாள்.

அவருக்கு உறவென்று யாருமில்லை. பழத்தட்டோடு நான்தான் போனேன். எனக்கு நீச்சல் தெரியாது.

"இன்னைக்காவது வேற படகுல போலாமே?" என்று கெஞ்சினேன்.

"என் இஞ்சினக் காட்டாம பொண்ணு கேட்டா, அப்பால ஏமாத்திட்டேன்னு சொல்லுவாங்க சார்."

அன்று காற்று முதுகில் அடித்தது. பாதி ஏரியில் இஞ்சின் கொதித்தது, திருப்பினார். ஆறியதும் மறுபடி தீவை நோக்கி விட்டார். கரையில் நிற்பவர்கள் முகம் தெரிகிற தூரத்தில் மறுபடி திருப்பினார். பசியாவரம் ஒரு நேரம் முன்னால் இருந்தது, ஒரு நேரம் பின்னால் இருந்தது. நாங்கள் தீவுக்குப் போகிறோமா, தீவு எங்களைச் சுற்றுகிறதா என்றே எனக்கு விளங்கவில்லை.

கரையில் ஸ்டெல்லாவின் அப்பா, "இன்னாடா இவன்? பொண்ணு வேணுமா வேணாவா?" என்று கத்தியிருக்கிறார். இஞ்சின் சத்தத்தில் எங்கள் காதில் விழவில்லை. காத்தாடி சந்தோஷமாக அவருக்குக் கையை ஆட்டிவிட்டு மூன்றாம் தடவையும் திரும்பினார்.

ஸ்டெல்லா பொறுத்தது போதுமென்று தண்ணீரில் இறங்கி விறுவிறுவென்று நடந்து வந்தாள். படகின் கயிற்றைப் பிடித்தாள்.

"மொதல்ல அத ஆஃப் பண்ணு. இடுப்புத் தண்ணிதான்யா. எறங்கி நட!"

தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நானும் நடந்தேன்.

கரையில் சொட்டச் சொட்ட நின்றபடி காத்தாடி இரண்டு வாழைப்பழங்களை எதிரெதிராக வைத்து, சிலிண்டர், தகடு, காற்று என்று விளக்கினார். பெரியவர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"அதெல்லாம் வுடுப்பா. கிட்ட கிட்ட வந்து திரும்பிப் போனியே. மனசில்லாதவனுக்கு எப்படிப் பொண்ணு குடுக்கறது?"

காத்தாடி இரண்டு பழங்களையும் என் தட்டில் திரும்ப வைத்தார்.

ஸ்டெல்லாதான் பேசினாள். "திரும்பிப் போனத மட்டும் பாத்தியே நைனா. ஒவ்வொரு தபாவும் மறுபடி வந்துச்சே, அதப் பாக்கலியா?"

பெரியவர் என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டார்.

காத்தாடி என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். அந்த இஞ்சின் எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆனால் அவரை நான் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்தது அன்றிலிருந்துதான்.