கூஜாவுக்குள்ளே உறைந்த சம்பந்தம்

ஆவூர்,
தை மாதம், 1957

கொழும்பிலிருக்கும் தம்பி அருள்சாமிக்கு, அண்ணன் ஆரோக்கியமுத்து சொல்லச் சொல்ல உன் மதினி அருளம்மாள் எழுதுவது. மாதா புண்ணியத்தில் நாங்களும் மாடுகளும் சௌக்கியம். செவலைக்கு மட்டும் கொம்பில் காயம், அது தனிக்கதை.

காரியம் என்னவென்றால், நம்ம மகன் சவரிநாதனுக்குப் பேசின கட்டுமாவடிச் சம்பந்தத்தை முறிக்கப் போகிறேன். பொண்ணு அடைக்கலமேரி தங்கமான பிள்ளைதான். ஆனா அவுக வீட்டுல என்னைய ஏமாத்திப்புட்டாக. நானும் ஒன் மதினியும் அங்க போனப்ப, கடல்பாசியை வேகவச்சு வடிகட்டி, பாலும் சீனியும் போட்டுச் சுடச்சுடக் குடுத்தாக. தண்ணியாத்தான் இருந்துச்சு, தொண்டையில வழுக்கிக்கிட்டுப் போச்சு. "வீட்டுக்கும் கொண்டுபோங்க சம்பந்தி"ன்னு கூஜா நெறைய ஊத்தித் தந்தாக. பனிக் குளிரு. பஸ்ஸுல மடியிலேயே வச்சுக்கிட்டு வந்தேன். ஒரு ஆளு என் தோளுலயே தூங்கி, வல்லத்திராக்கோட்டையில சொல்லாமக் கொள்ளாம எறங்கிட்டாரு, அதை விடு. வீட்டுக்கு வந்து கூஜாவைக் கவுத்தா ஒரு சொட்டு விழலை! உள்ள என்னமோ தளக்குன்னு ஆடுது, வெளிய வரமாட்டேங்குது.

"செய்வினையா இருக்குமோ?"ன்னேன்.

"கேப்பைக் கூழு ஆறுனா இறுகலையா? அதுக்கு யாரு வச்ச செய்வினை?"ன்னா ஒன் மதினி.

"கூழு அப்பவே கெட்டி. இது தண்ணிடி!"

"கொதியில பாசிச்சத்து இழை இழையாப் பிரிஞ்சு ஓடுமாம். குளுந்தா ஒண்ணோடொண்ணு பின்னி வலையாயிருமாம், தண்ணி அதுக்குள்ள மாட்டிக்கிருமாம். அடைக்கலமேரி அன்னைக்கே சொல்லிச்சுங்க. நீங்கதான் ரெண்டாவது டம்ளர்ல இருந்தீங்க."

கூழுன்னதும் ஒன் நெனப்பு வந்துருச்சுப்பா. இறுகின கூழை விடியக்காலம் அருவாளால கோடு போட்டுப் பங்கு வைப்போமே. கோட்டை நேராத்தான் போடுவேன், பெரிய பங்கு எப்படியோ ஒன் பக்கம் போயிரும். கட்டிப் பொரண்டு சண்டை போடுவோம். இப்ப முழுச் சட்டியும் எனக்குத்தான். பிடுங்கத்தான் ஆளில்லை.

அவுக மொகத்தைப் பாத்துச் சம்பந்தம் வேணாம்னு சொல்ல என்னால ஆகாது. நீ கப்பலேறி வந்து முறிச்சு வை. உன் குடும்பத்துக்கு எங்கள் ஆசீர்வாதம். வழித்துணைக்கு அந்தோணியார் வருவார்.

இப்படிக்கு,
ஆரோக்கியமுத்து (கைநாட்டு)

பின்குறிப்பு: தம்பி, ஒங்க அண்ணன் செவலையப் பாக்கப் போயிருக்காரு. சம்பந்தமெல்லாம் முறியலை. ஈஸ்டர் கழிச்சுக் கல்யாணம், கோயில்ல கல்யாண ஓலை எழுதியாச்சு. முறிக்கக் கூப்புட்டாத்தான் வருவீங்கன்னு அவரு நெனப்பு. கூஜாவைக் கொதிதண்ணியில வச்சேன், இளகி வந்துருச்சு. தட்டுல ஊத்துனா மறுபடி இறுகிருச்சு. அருவாளை எடுத்துக் கோடு போட்டுச் சின்னப் பங்கைத் தின்னாரு. பெரிய பங்கு தட்டுல அப்படியே இருக்கு, என்னையத் தொட விடமாட்டேங்கிறாரு.