ராஜாவுக்குப் பின்னால் நின்றவர்

சோக நாடகத்தின் கழுத்தை நெரித்துக் கொன்ற மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் இடுக்கி மலையில், எங்கள் தேயிலை எஸ்டேட்டில் இருந்தார். பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும்; எங்களுக்கு அவர் பிராம்ப்டர் அண்ணாச்சி. ஃபேக்டரியில் கொழுந்து வாட்டுகிற வேலை. மாரியம்மன் திருவிழா வந்தால், நாடக மேடையின் திரைக்குப் பின்னால் நோட்டோடு நின்று நடிகர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பார்.

நடிகர்கள் என்று பன்மையில் சொன்னது ஒரு மரியாதைக்கு. எடுத்துக் கொடுக்க வேண்டியது எனக்கு மட்டும்தான். வருஷா வருஷம் நான்தான் ராஜா. குரல் உண்டு, உயரம் உண்டு, ஞாபகசக்தியை மட்டும் ஆண்டவன் வைக்கவில்லை. பின்னாலிருந்து என்ன வருகிறதோ அதைக் கணீரென்று சொல்லிவிடுவேன்.

நாடகமும் வருஷா வருஷம் ஒன்றுதான். சொல்லை மீறிய மகனுக்கு ராஜா மரண தண்டனை விதிப்பார், தலை விழும், மகன் குற்றமற்றவன் என்று பிறகு தெரிந்து ராஜா கதறுவார். அழுவதற்கென்றே பெண்கள் துண்டோடு முன்வரிசையில் இடம் பிடித்திருப்பார்கள்.

ஒரு வருஷம், தண்டனை சொல்ல வேண்டிய இடத்தில், "மன்னித்தேன் மகனே, உள்ளே வா" என்று பின்னாலிருந்து வந்தது. நானும் சொல்லித் தொலைத்தேன். பாதியிலேயே நாடகம் முடிந்துபோனது. தலை வெட்டும் சேவகன் வேஷத்துக்காக மூன்று மாதம் மீசை வளர்த்திருந்த துரைப்பாண்டி, அட்டைக் கத்தியோடு ஓடிவந்து, "அப்ப நான் எதுக்குய்யா வந்தேன்?" என்று மேடையிலேயே என்னைக் கேட்டான். அடுத்த வருஷமும் அதே கூத்து. அதற்கடுத்த வருஷமும். வேறு ஆளைப் போடலாமே என்பீர்கள். அந்த நோட்டில் இருந்த கையெழுத்தை வாசிக்க அவர் ஒருவரால்தான் முடியும்.

சண்டைக்கே போய்விட்டேன். "ஏன் அண்ணாச்சி இப்படிப் பண்ணுதீய?"

"நீரே சொல்லும்வே. எல்லா நாடகத்துலயும் அப்பன் ஒரு வார்த்தைய விட்டுருதான். திரும்ப எடுத்தா கவுரவம் போயிருமாம். புள்ள செத்த பொறவு உருண்டு பொரண்டு அழுவுதான். அத முன்னாலயே அழுதா என்னவே?"

யாரைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். அவர் மகன் சேகர், எஸ்டேட் வேலையே வேண்டாம் என்று கொச்சிக்குப் போய்விட்டான். குடும்பத்தில் வேலைக்கு ஆள் இல்லாவிட்டால், அண்ணாச்சி ரிட்டயர் ஆனதும் கம்பெனி கொடுத்த லயத்து வரிசை வீட்டைக் காலி செய்ய வேண்டும். அந்த ஆத்திரத்தில், "நான் செத்தாலும் எம் மொகத்துல முழிக்காத" என்று மகனிடம் சொல்லிவிட்டார். நோட்டைப் பார்க்காமல் அவர் சொன்ன முதல் வசனம். சேகரும் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவன். அதற்குப் பிறகு இந்தப் பக்கமே வரவில்லை.

"ஒரு போன் போட்டு வரச் சொல்லுங்களேன்" என்றேன்.

"என்னன்னு சொல்ல? ஒமக்குப் பின்னால நான் நிக்கேன். எனக்குப் பின்னால எவன் நிக்கான்?"

நான் நிற்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சிரித்துவிட்டு வந்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

போன மழைக்காலத்தில் அண்ணாச்சி ஃபேக்டரியிலேயே சாய்ந்தார். நெஞ்சுவலி; உயிர் அங்கேயே போய்விட்டது. மறுநாள் காலையில் சேகர் ஜீப்பில் வந்து இறங்கினான். லயத்துக் கோடியில் இருக்கிற தண்ணீர்க் குழாயைத் தாண்டி ஓரடி வைக்கவில்லை. துரைப்பாண்டி போய் இழுத்தும் அசையவில்லை.

"செத்தாலும் முழிக்காதன்னு சொன்னாருண்ணே. அவரு வரச் சொல்லலியே" என்று மழையில் நனைந்துகொண்டே நின்றான். பாடையைத் தூக்குகிற நேரமும் வந்துவிட்டது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணாச்சியின் வசனத்தைச் சொல்ல எஸ்டேட்டில் இருந்த வாய் இது ஒன்றுதானே. குழாயடிக்குப் போய் வாயைத் திறந்தேன். வழக்கம்போல ஒன்றும் வரவில்லை. பழக்க தோஷத்தில் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அங்கே அண்ணாச்சி படுத்திருந்தார்.

"மன்னித்தேன் மகனே, உள்ளே வா" என்றேன்.

சேகர் என்னைத் தள்ளிவிட்டு ஓடிப்போய் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டான். துரைப்பாண்டி மீசை நனைய நனைய அழுதான்.

அன்றைக்கு எனக்கு ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை, அண்ணாச்சி. நீங்கள் இருந்து கேட்டிருக்கலாம்.