திறப்பு விழா கண்ட டிரம்

நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாக மனித குலம் நிகழ்த்திய சாதனை, அந்த மூன்று மாடிக் குடியிருப்பின் 'மழைநீர் சேகரிப்புக் குழு'தான் என்பதில் அதன் செயலாளருக்கு ஐயமே இல்லை. குழுவை அமைத்தவரே அவர்தான் என்பதால், இதில் பாரபட்சத்துக்கு இடமில்லை.

குழாயில் தண்ணீர் வந்து நாளாகியிருந்தது. செயலாளரின் மனைவி மருத்துவமனையில் நர்ஸ். வேலை முடிந்து மருந்து வாடையோடு வருபவள், குளிக்க ஒரு வாளித் தண்ணீருக்கு அல்லாடினாள்.

"பால்கனில நம்ம நீல டிரம்மை வைக்கலாங்க. மொட்டைமாடித் தண்ணி வர்ற பைப் அங்கதானே இறங்குது?"

துணி உலர்த்தப் போனவர் திரும்ப இடமில்லாமல் பின்னோக்கியே நடந்து வரவேண்டிய பால்கனி அது. ஆனால் செயலாளரின் கவலை இடமல்ல, நடைமுறை.

"கமிட்டி ஒப்புதல் வேணுமே."

"கமிட்டியே நீங்கதானே?"

"அதனாலதான் சொல்றேன். என்னை நானே மீறலாமா?"

கூட்டம் கூடியது. டிரம் நீலம், கட்டடம் மஞ்சள். "பில்டிங்கோட முகமே கெட்டுடும்" என்றார் கீழ்வீட்டுப் பல் டாக்டர். நிறத்தை ஆராயத் துணைக்குழு ஒன்று 'போர்க்கால வேகத்தில்' அமைக்கப்பட்டது. அது தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது மழை கொட்டத் தொடங்கியது. மழைக்குச் சபை நாகரிகம் தெரியாது.

"பேசறது கேக்கல. ஜன்னலைச் சாத்துங்க" என்றார் செயலாளர்.

மாடியில் மனைவி யாரையும் கேட்கவில்லை. முதலில் வந்த அழுக்குத் தண்ணீரை ஓடவிட்டாள். பிறகு டிரம்மின் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி, பைப்புக்கு அடியில் நகர்த்தினாள். கூட்டம் முடிந்து செயலாளர் வந்தபோது மழை விட்டிருந்தது; டிரம் தளும்பிக்கொண்டிருந்தது. அவருக்கு நெஞ்சு விம்மியது. உடனே குடியிருப்போர் சங்கத் தலைவருக்குப் போன் போட்டார்.

"சார், நம்ம திட்டம் மாபெரும் வெற்றி! நாளைக்கே திறப்பு விழா வச்சிடலாம்!"

தலைவர் நுட்பமான மனிதர். "ஏற்கெனவே ரொம்பிட்டா நான் எதைத் தொடங்கி வைக்கிறது? நான் வந்து நின்னப்புறம்தானே முதல் சொட்டு விழணும்?"

நியாயம்தானே. செயலாளர் குனிந்து டிரம்மின் அடிக்குழாயைத் திறந்துவிட்டார். திறப்பு விழா இனிதே தொடங்கியது.

தண்ணீர் பிடித்துவைக்கச் சமையலறையில் பாத்திரங்களையெல்லாம் காலி செய்து மனைவி எடுத்து வருவதற்குள், டிரம்மின் அடியில் ஈரம்தான் மிச்சம்.

"ஐயோ, என்னங்க இது? நான் இன்னும் குளிக்கவே இல்லையே!"

"விழா முடியட்டும்மா. அப்புறம் ஊரே குளிக்கலாம்."

மறுநாள் டிரம் கீழே வாசலுக்கு வந்தது, ரிப்பன் வந்தது, மைக் வந்தது, தலைவரும் வந்தார். மழை வரவில்லை. அழைப்பிதழில் அதன் பெயர் விடுபட்டிருப்பதைப் பல் டாக்டர் சுட்டிக்காட்டினார். அந்த நேரம் பார்த்து மனைவி பையோடு படியிறங்கினாள்.

"எங்க கிளம்பிட்ட? வரவேற்புரை நீதானே?"

"அக்கா வீட்டுக்கு. அங்க குளிக்கிறதுக்குத் தீர்மானம் போட வேண்டாம்."

செயலாளர் அவளைத் தடுக்க ஓரடி எடுத்துவைத்தார். ஆனாலும் கடமை பெரிதல்லவா? காலி டிரம்மைத் தட்டியபடி மைக்கில் முழங்கினார்: "இந்தக் கட்டடத்துல இனிமே ஒரு சொட்டு மழைத்தண்ணிகூட வீணாகாது!"

கைதட்டல் ஓய நேரமாயிற்று. அவர் சொன்னதில் அணுவளவும் பொய்யில்லை. வீணாக வேண்டியதையெல்லாம் முந்தின நாளே அவர் தம் கையாலேயே வீணாக்கி முடித்திருந்தார்.