219978 நம்பர் டிக்கெட்

சங்கரபாண்டி குற்றாலத்தில் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் பஸ் செங்கோட்டை ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் அவன் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. அக்கா பேச்சித்தாய்.

"ஏலே, எங்கலே இருக்க? பொண்ணு பாக்க பதினோரு மணிக்குக் கோயில்ல நிக்கணும்னு சொன்னேன்லா?"

"செங்கோட்டையிலக்கா."

"அங்கன எதுக்குலே போன?"

காரணம் டிக்கெட். அதன் நம்பர் 219978. சும்மா நாலால் பெருக்கிப் பார்த்தான். 879912. அதே எண், பின்னாலிருந்து முன்னால்! தெப்பக்குளத்தில் கோபுரம் தெரிகிற மாதிரி. அதற்குப் பிறகு குற்றாலம் வந்ததும் போனதும் அவனுக்குத் தெரியாது.

பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். வயது முப்பத்து நான்கு. ஏற்கெனவே மூன்று பெண் வீட்டார், "பையன் இங்கன இருக்கான், நெனப்பு எங்கனயோ இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். செங்கோட்டைக்குப் பக்கத்து ஊரான வடகரையில் பார்த்திருக்கும் இந்தப் பெண்ணும் தட்டிப்போனால் இனி அலையமாட்டேன் என்றிருந்தாள் அக்கா. அவள் அனுப்பிய போட்டோவை அவன் இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். இந்தத் தடவை டிக்கெட்டைப் பார்க்கவே கூடாது. வெளியே சாரல். கண்ணாடி முழுக்க ஆவி. விரல் தானாகப் போய் எழுதியது. நடுவில் இன்னொரு ஒன்பது சேர்த்தால்? 2199978. நாலால் பெருக்கினால் 8799912. அப்போதும் திரும்பியது!

"இன்னொண்ணு போடுங்க" என்றது பின் சீட்டிலிருந்து ஒரு குரல்.

திரும்பிப் பார்க்காமலே போட்டான். 21999978. அதுவும் திரும்பியது. எத்தனை ஒன்பது போட்டாலும் திரும்பும்போலிருந்தது. ஒன்பதுகள் அருவி மாதிரி கண்ணாடியில் இறங்கின. அவற்றுக்குள் மலையும் மேகமும் மெதுவாக மிதந்து போயின.

"தென்காசி! எல்லாரும் எறங்குங்க!"

இனி பஸ்ஸை நம்பக் கூடாது. ஆட்டோ பிடித்தான்.

"குத்தாலத்துல எங்கன, அண்ணாச்சி?"

"அஞ்சு" என்றான், மனசுக்குள் ஐந்தாவது ஒன்பதைச் சேர்த்துக்கொண்டே.

ஆட்டோ அவனை ஐந்தருவியில் கொண்டுபோய் விட்டது.

அங்கிருந்து நனைந்துகொண்டே ஓடி அவன் குற்றாலநாதர் கோயில் வாசலுக்கு வந்தபோது மணி ஒன்று. நடை சாத்தியிருந்தார்கள். பெண்ணின் அப்பா ஆவுடைநாயகம் தலைகுனிந்து நின்றார்.

அவனுக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. ஈர டிக்கெட்டை நீட்டி, எல்லாவற்றையும் சொன்னான்.

"மன்னிச்சிருங்க. ஒங்க பொண்ண இவ்வளவு நேரம் காக்க வச்சது என் தப்புதான்."

ஆவுடைநாயகம் டிக்கெட்டைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். இருமினார்.

பெண்ணின் தங்கை காதிலிருந்து போனை எடுத்தாள்.

"அக்கா இன்னும் வரவே இல்ல, அத்தான். பஸ் கண்ணாடியில யாரோ எழுதிட்டுப் போன கணக்கு அழியதுக்குள்ள எடுத்து எழுதிருவோம்னு உக்காந்தவ, அதே பஸ்ல திரும்பவும் செங்கோட்டைக்கே போயிட்டாளாம்!"