பசைக் காக்காவின் புள்ளடி

கட்சிக்காக உயிரைக் கொடுப்பேன் என்று மேடையில் சொன்னவர்கள் எங்கள் ஊரில் நூறு பேராவது இருப்பார்கள். அத்தனை பேரும் இன்றைக்கும் நல்ல சுகமாக இருக்கிறார்கள். கட்சிக்காக வீட்டிலிருந்த கடைசிக் கோதுமை மாவையும் பசை காய்ச்சக் கொடுத்துவிட்டு, ரொட்டி இல்லாமல் வெறும் தேத்தண்ணியோடு படுத்தவர் இந்தக் கரையோரத்திலேயே ஒரே ஒருவர்தான். அவர் பசைக் காக்கா. காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன்.

எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் வரும். சொல்லாவிட்டால் எனக்குக் கடிதம் வரும். எனக்கே வரட்டும்.

அவருக்கு உம்மாவும் வாப்பாவும் வைத்த பெயர் ஒன்று இருந்தது. வாக்காளர் அட்டை கொண்டுவந்த தபால்காரர் அதை வாசித்துவிட்டு, "இப்பிடி ஒராள் இந்த ரோட்டுல இரிக்காரா காக்கா?" என்று அவரிடமே கேட்டார். காக்காவும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் "ஓம்" என்றார்.

தொழில் சைக்கிள் திருத்துவது. தேர்தல் வந்துவிட்டால் ஊர்ச் சைக்கிள்கள் எல்லாம் தலைகீழாகக் கிடக்கும்; காக்கா கிடாரத்தில் பசை காய்ச்சிக்கொண்டிருப்பார். போஸ்டர் ஒட்டும்போது நூல் பிடித்துப் பார்ப்பார். வேட்பாளர் கோணலாக இருக்கலாம், போஸ்டர் கோணக்கூடாது. ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் வாசிக்கமாட்டார். கேட்டால், "நான் ஒட்டிறவன் தம்பி. வாசிக்கிறது ரோட்டால போறவண்ட வேல" என்பார்.

அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி, எதிர்க்கட்சிக்காரர். பசை ருசிக்காக ஆடுகள் போஸ்டர் தின்னும் என்பது தெரிந்து, தன் ஆட்டை வேண்டுமென்றே அவிழ்த்து விடுவார். ஒருமுறை காக்கா பசையில் கொச்சிக்காய்த் தூளைக் கலந்துவிட்டார். ஆடு மூன்று நாள் தும்மியது. விஷயம் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார்மாரிடம் போனது.

"வாயில்லாச் சீவனுக்கு இப்பிடிச் செய்யலாமா?" என்று கேட்டார்கள்.

"போஸ்டர் ஆருட கட்சி எண்டு தெரிஞ்சிதான் திண்டது" என்றார் காக்கா. மரைக்கார்மார் தாடியைத் தடவுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டு, ஆட்டையும் காக்காவையும் எச்சரித்து அனுப்பினார்கள்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். வீடு பெண்ணுக்குரியது. வீடில்லாத பெண்ணுக்குச் சம்பந்தம் பேச ஒருவரும் படியேறமாட்டார்கள். காக்கா மாப்பிள்ளையாகப் போன நாளில் வழியில் எதிர்க்கட்சி ஆபீஸ் இருந்தது. அதைத் தாண்டிப் போகமாட்டேன் என்று மாப்பிள்ளைக் கூட்டத்தையே வயல் வரம்பால் திருப்பிவிட்டார். பெண் வீட்டுக்கு வந்தபோது முழங்கால்வரை சேறு. அவர் மனைவியை நாங்கள் ராத்தா என்போம். ராத்தா அதை முப்பது வருடமாகச் சொல்லிக்காட்டினார்.

பிறகு கடல் வந்தது. அதைப் பற்றிப் பகிடி விட எனக்கு வாய் வராது. எங்கள் வீதியில் ஜனாஸா எடுக்காத வீடு இல்லை. ராத்தாவின் வீடு அடியோடு போய், முன்மதில் மட்டும் நின்றது. அதில் பழைய தேர்தல்களின் போஸ்டர்கள் அடுக்கடுக்காக இருந்தன. மூன்றாம் நாள் காக்கா அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சீமெந்து நிக்கல்ல தம்பி, எண்ட பசைதான் நிண்டிரிக்கி" என்றார். அந்த மூன்று நாளில் நான் சிரித்தது அப்போதுதான்.

அதற்குப் பிறகு ஐந்து வருடம் முகாமில், தகரக் கொட்டில்களில் கழிந்தது. யுத்தம் முடிந்தது. வீட்டுத் திட்டமும் ஒருவழியாக முடிந்தது. அடுத்த மாதம் தேர்தல். வீடு யார் யாருக்கு என்ற பட்டியலைப் போட்டவர் எங்கள் கட்சி மெம்பர்; இந்தத் தேர்தலிலும் அவர்தான் வேட்பாளர். அதை முகாம் வாசலில் ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்கு வேறு யாரைக் கூப்பிடுவார்கள்?

அன்றைக்குத்தான் காக்கா வாழ்க்கையில் முதல்தடவையாகத் தான் ஒட்டியதை வாசித்தார். ஏழாவதாக ராத்தாவின் பெயர் இருந்தது. பன்னிரண்டாவதாக மெம்பரின் மச்சினன் பெயர் இருந்தது. அவர் மாடி வீட்டு வாசற்படியைக்கூடக் கடல் நனைக்கவில்லை. பக்கத்துக் கொட்டில் ஹைறூன், புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுக் கல்யாண வயது மகளோடு இருப்பவள். அவள் பெயர் எங்கேயும் இல்லை.

காக்கா பசை வாளியோடு நேரே மெம்பரிடம் போனார். நானும் கூடப் போனேன்.

"மெம்பர், ஹைறூன்ட பேரக் காணல்ல."

"அடுத்த கட்டத்துல பாப்பம் காக்கா."

"ஊடில்லாம அந்தப் புள்ளைக்கு மாப்பிள்ள வருமா? உங்கட மச்சினனுக்கு மாடியே இரிக்கி."

"அவர் கட்சிக்கு உழைச்ச மனிசன். உங்கட மனிசிட பேரும் ஏழாவதா இரிக்கிதானே? தேர்தல் முடிய ஊட்டுக் கதவுத் திறப்பு கைக்கு வரும். அதுவரைக்கும் சும்மா இரிங்க."

சும்மா இருப்பது காக்காவுக்குத் தெரியாத ஒரே வேலை. மறுநாள் காலை என் கொட்டிலுக்கு வந்தார்.

"தம்பி, வோட்டு ஒரு அமானிதம்தானே?"

"ஓம் காக்கா. நம்பி ஒப்படைச்ச பொருள்தான்."

"ஆருட அமானிதம்? கட்சிடயா, ஹைறூன்டயா?"

நான் பள்ளிக்கூடத்து வாத்தியார். வழி சொல்லாமல் இருக்க முடியுமா? எங்கள் வாக்குச்சீட்டில் முதலில் கட்சிக்கு ஒரு புள்ளடி, அதாவது பெருக்கல் குறி, பிறகு அந்தக் கட்சியில் பிடித்த வேட்பாளரின் இலக்கத்துக்கு இன்னொரு புள்ளடி. "கட்சிக்குப் போடுங்க. விருப்பு வாக்க மெம்பருக்குப் போடாம வேற ஆளுக்குப் போடுங்க" என்றேன்.

"அது திண்டு முடிச்சிட்டு, சமைச்சவளோட கதைக்காம இரிக்கிற மாதிரி. திண்டது திண்டதுதானே தம்பி" என்று எழுந்து போய்விட்டார்.

எதிர்க்கட்சியில் நின்றவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். ஹைறூனுக்கு மனு எழுதிக் கொடுத்த ஒரே மனிதர். நல்லவர் என்று காக்காவுக்கும் தெரியும். அதுதான் காக்காவை வதைத்தது. "சோத்துக்கு முன்னால இரிந்து ஒரு கையில கட்சி, ஒரு கையில ஹைறூன் எண்டு நிறுக்காரு. சோறு காஞ்சி போகுது" என்று ராத்தா என்னிடம் முறைப்பட்டார்.

வாக்களிப்பு நாளில் வரிசையில் அவர் முன்னால், நான் பின்னால். காக்கா அட்டை மறைப்புக்குள் போனார். ஐந்து நிமிடம் போயிற்று, பத்து நிமிடம் போயிற்று. வரிசை கேற்றுக்கு வெளியே வளர்ந்தது. இரண்டு கட்சி ஏஜெண்டுமாரும் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்கள். பொறுப்பதிகாரி பக்கத்து ஊர்க் காரைதீவுக்காரர், பொறுமைசாலி. "ஐயா, இன்னும் முடியல்லியா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் பொறுங்க சேர். முப்பது வருசத்த அஞ்சு நிமிசத்துல முடிக்கேலுமா?" என்றது மறைப்புக்குள்ளிருந்து குரல்.

கடைசியில் வெளியே வந்தார். சீட்டை ஓரம் பிசகாமல் மடித்துப் பெட்டியில் போட்டார். கண் சிவந்திருந்தது. நானும் போட்டுவிட்டு வெளியே ஓடிவந்தேன். அவர் கட்சி ஆபீஸை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

"எங்க போறீங்க? வோட்டு ரகசியம் காக்கா. ஒருத்தருக்கும் செல்லத் தேவல்ல. திறப்பு கைக்கு வரட்டும்."

"முப்பது வருசம் கூட இரிந்திட்டு, செல்லாமக் கொள்ளாமப் போறதா? அது கள்ளண்ட வேல."

ஆபீஸில் இருபது பேர் இருந்தார்கள். காக்கா ஸலாம் சொன்னார். "மெம்பர், இண்டைக்கு நான் உங்களுக்குப் போடல்ல. ஹைறூன்ட பேர் இல்லாததால போடல்ல. கட்சி வெல்லணும் எண்டு துஆ செஞ்சிட்டுத்தான் மத்தவருக்குப் போட்டன்."

பசைக் காக்கா கட்சிக்குப் போடவில்லை என்ற செய்தி நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு முன் ஊரைச் சுற்றிவிட்டது. சலூனில் பாதி முகம் மழித்த மனிதர் சவர்க்கார நுரையோடு ரோட்டுக்கு வந்து விசாரித்தார். வரிசையில் நின்ற பெண்கள் "ஏனாம்?" என்று கேட்டார்கள். அந்த ஏனுக்குப் பதில் ஹைறூன் என்பதும் பரவியது. வாக்களிப்பு முடிய இன்னும் நேரம் இருந்ததால் மெம்பருக்கு வியர்த்துவிட்டது. இரண்டு மணிக்கு முகாமுக்கே வந்து, எல்லோரும் பார்க்கப் பட்டியலில் ஏழாம் இலக்கத்தை வெட்டினார். ராத்தாவின் பெயர் போயிற்று. அந்த இடத்தில் ஹைறூனின் மகள் பெயரை எழுதினார். மச்சினன் பன்னிரண்டாவதாகவே இருந்தார்.

நாங்கள் எல்லோரும் ராத்தாவின் முகத்தைப் பார்த்தோம். காக்கா மட்டும் நிலத்தைப் பார்த்தார்.

"அந்தப் புள்ளைக்கெண்டபடியா விடுறன். வேற ஆருக்கும் போயிருந்தா இந்தக் கொட்டிலுக்குள்ளயும் உங்கள எடுக்கமாட்டன்" என்றுவிட்டு ராத்தா உலை வைக்கப் போனார்.

மறுநாள் கட்சி வென்றது. பட்டாசு வெடித்தது. யுத்தம் முடிந்தும் பழக்கம் விடாமல் பாதிப் பேர் குனிந்தார்கள். ஊர்வலம் முகாமைக் கடந்தபோது காக்கா வாசலில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"என்ன காக்கா, தோத்துப் போன கவலையா?" என்று கேட்டேன்.

"ஆர் தோத்த? நம்மட கட்சி வெண்டிரிக்கி தம்பி" என்று சாரத்தின் நுனியால் கண்ணைத் துடைத்தார்.

ஹைறூனின் மகள் கல்யாணம் அந்த வீட்டில்தான் நடந்தது. காக்காவும் ராத்தாவும் ராத்தாவின் தங்கை வளவில் தகரக் கூரை இறக்கிக் குடியிருக்கிறார்கள். நான் அன்றைக்கு அவருக்குப் பின்னால் நின்று மெம்பருக்குத்தான் புள்ளடி போட்டேன். மெம்பரிடம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு இடமாற்றம் கேட்டிருந்தேன், கிடைத்தது. அதைக் காக்காவிடம் இன்னும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இந்த ஊரில் நான் வெட்கப்படுவது அவர் ஒருவருக்கு முன்னால்தான், ஆனாலும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தால் என் கால் அவர் வளவுக்குத்தான் போகிறது.